நேரம் மாறும் ஞாயிறும் சிக்னல் மணிக்கூடும்: வாங்கலாமா, வேண்டாமா?

மார்ச் கடைசி ஞாயிறு ஒரு மணித்தியாலம் முன்னேயும் ஒக்டோபர் கடைசி ஞாயிறு ஒரு மணித்தியாலம் பின்னேயும் நேரம் மாறுவதால், பிரித்தானியாவில் அவை வீட்டுக்கு ஒருவராவது கதிரையில் ஏறவேண்டிய நாட்கள். கைபேசி தானாக மாறிவிடும், ஹோல் சுவரில் தொங்கும் மணிக்கூடு மாறாது. இந்தக் கதிரை ஏற்றத்தைத் தவிர்ப்பதற்கென்றே விற்பனையாவது, வானொலி அலையில் வரும் நேரத்தைக் கேட்டுத் தானாகத் திருத்திக்கொள்ளும், 'ரேடியோ கொன்ட்ரோல்ட்' என்று பெட்டியில் அச்சடித்த சுவர் மணிக்கூடு. சாதாரண பிளாஸ்ரிக் வட்டம் ஒன்று 20 முதல் 40 பவுணுக்குள் கிடைக்கும். மரச் சட்டம், ரோமன் எண் என்று போனால் விலை ஏறும், உள்ளே இருக்கும் இயந்திரம் அநேகமாக அதேதான். பாட்டுக் கேட்கிற அலாரம் ரேடியோவோடு இதைக் குழப்பக்கூடாது. இது அலையைக் கேட்கும், ஆனால் வாய் திறக்காது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். லண்டன், பேர்மிங்ஹாம், லெஸ்ரர் பக்கத்தில் சாதாரண செங்கல் வீட்டுக்கு என்றால் கொடுத்த காசுக்குப் பிழையில்லாத சாமான். நிலக்கீழ் அறைக்கும் இரும்புச் சட்டத்தில் எழுப்பிய அடுக்குமாடிக்கும் வேண்டாம். ரொறன்ரோவில் இருப்பவர்கள் கடைக்காரர் திருப்பி எடுப்பாரா என்று கேட்டுவிட்டு வாங்கவேண்டும். ஊருக்குப் பரிசாகக் கொண்டுபோக இதை எடுக்கவே கூடாது.

உள்ளே என்ன இருக்கிறது

வழமையான குவாட்ஸ் இயந்திரம்தான். அதோடு சுண்டுவிரல் அளவில் ஒரு கறுப்புப் பெரைற் கோல், அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பி, பக்கத்தில் ஒரு சின்ன சிப். அந்தக் கோல்தான் அன்ரனா. இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்பிரியாவின் அந்தோர்ன் என்ற இடத்திலிருந்து 60 கிலோஹேர்ட்ஸில் எம்.எஸ்.எஃப் என்ற அலை இரவு பகலாக வருகிறது. நடத்துவது தேசிய பௌதிக ஆய்வுகூடமான என்.பி.எல். 2007 மார்ச் முடியும்வரை இது ரக்பி நகரத்துப் பக்கத்திலிருந்து வந்தது. பழைய ஆட்கள் இன்னும் 'ரக்பி மணிக்கூடு' என்று சொல்வது அதனால்தான்.

ஒவ்வொரு செக்கனும் தொடங்கும்போது அந்த அலை பத்தில் ஒரு செக்கன் அணைந்து எழும்பும். நிமிடத்தின் முதற் செக்கனில் மட்டும் அரைச் செக்கன் அணைந்திருக்கும், அதை வைத்து மணிக்கூடு நிமிடத்தின் தலையைக் கண்டுபிடிக்கும். மற்றச் செக்கன்களில் அலை எப்போது, எவ்வளவு நேரம் அணைகிறது என்பதிலேயே ஆண்டு, மாதம், திகதி, கிழமை, மணி, நிமிடம் எல்லாம் எழுதியிருக்கும். ஒரு நிமிடத்துக்கு ஒரு முழுச் செய்தி. அதில் நேரமாற்றத்துக்கென்று இரண்டு துணுக்குகள் இருக்கின்றன. 58ஆம் செக்கன் இப்போது நடப்பது கோடைநேரமா (மார்ச் முதல் ஒக்டோபர் வரை ஒரு மணித்தியாலம் முந்தி ஓடும் நேரம்) இல்லையா என்று சொல்லும். 53ஆம் செக்கன் 'மாறப்போகிறது' என்ற முன்னறிவிப்பு, மாற்றத்துக்கு முந்திய 61 நிமிடமும் அது ஏற்றி வைத்திருக்கும்.

அதாவது அந்தோர்ன் அனுப்புவது பிரித்தானியாவின் சட்டப்படியான நேரம். எந்த ஞாயிறு, எத்தனை மணிக்கு என்ற சட்டம் மணிக்கூட்டுக்குத் தெரியத் தேவையில்லை, சொன்னதைக் கேட்டால் போதும். இந்த வேறுபாடுதான் பின்னால் வேறு வகை மணிக்கூடுகளைப் பார்க்கும்போது பெரிதாக வரப்போகிறது.

முதல் நாள்

பெட்டியைத் திறந்த கையோடு சுவரில் மாட்டவேண்டாம். யன்னலோரம் ஒரு மேசையில் நிமிர்த்தி வைத்து, புது அல்கலைன் ஏஏ பற்றரி ஒன்று போடுங்கள். சார்ஜ் ஏற்றும் பற்றரி 1.2 வோல்ற்தான் தரும், இந்த இயந்திரம் 1.5க்குக் கணக்குப் பார்த்துச் செய்தது. லிதியம் ஏஏ புதிதாக இருக்கும்போது 1.5ஐத் தாண்டி நிற்பதால் பல கையேடுகள் அதையும் வேண்டாம் என்கின்றன.

பற்றரி ஏறியதும் முட்கள் கடகடவென்று ஓடி 12இல் போய் நிற்கும். சில இயந்திரங்களில் அது 4 ஆகவோ 8 ஆகவோ இருக்கலாம். அப்படி நின்றால் பழுதில்லை, அது காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு செய்திக்கு ஒரு நிமிடம் வேண்டும். ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றை ஒப்பிட்டுப் பார்த்தபிறகே முட்கள் நகரும், ஆகவே நல்ல இடத்திலும் மூன்று முதல் பத்து நிமிடம் பிடிக்கும்.

வாங்கியவர்களில் பாதிப்பேர் கெடுப்பது இந்தப் பத்து நிமிடத்தில்தான். முள் அசையவில்லையே என்று பின்பக்கத்தில் 'எம்.செற்' பொத்தானை அமத்துவார்கள். அது கையால் நேரம் வைப்பதற்கான பொத்தான். அமத்திய உடனே கேட்பதை விட்டுவிட்டு மணிக்கூடு 12:00 இலிருந்து சாதாரண மணிக்கூடாக ஓடத் தொடங்கும், 'இது வேலை செய்யவில்லை' என்று கடைக்குத் திரும்பிப் போகும். மற்றப் பொத்தான், 'ரெக்' என்றோ 'வேவ்' என்றோ எழுதியிருப்பது, மூன்று செக்கன் அமத்தினால் மறுபடி கேட்கவைக்கும். இரண்டையும் மாற்றி நினைக்காமல் இருந்தால் போதும்.

பகலில் பிடிக்காவிட்டால் அப்படியே இரவுக்கு விடுங்கள். பகலில் அக்கம்பக்கத்து ரீவி, சார்ஜர், எல்.ஈ.டி விளக்குகள் எல்லாம் சேர்ந்து இந்தக் கீழ் அலைவரிசையில் இரைச்சல் போடும், இரவில் அது அடங்கும், தூரத்து அலையும் பலமாக வரும். இந்த மணிக்கூடுகள் நாளாந்தம் சரிபார்க்கும் வேலையை அதிகாலை ஒன்று, இரண்டு, மூன்று மணிக்கு வைத்திருப்பது அதனால்தான். ஒரு முழு இரவும் பிடிக்கவில்லை என்றால் மட்டும் இடத்தை மாற்றுங்கள்.

எந்தச் சுவர்

கையேட்டில் 'அனுப்பும் நிலையத்தை நோக்கி வைக்கவும்' என்று ஒரு வரி இருக்கும், ஏன் என்று இருக்காது. பெரைற் கோல் தன் நெடும்பக்கத்தால் கேட்கும், நுனியால் கேட்காது. கோலின் நுனி நிலையத்தை நேரே சுட்டினால் காது அடைத்தமாதிரி. பெரும்பாலான சுவர் மணிக்கூடுகளில் கோல் சுவருக்குச் சமாந்தரமாகக் கிடையாக இருக்கும். லண்டனிலிருந்து அந்தோர்ன் சுமார் 430 கிலோமீற்றர், வடக்கே சற்று மேற்காகச் சாய்ந்த திசை. ஆகவே லண்டன் வீட்டில் கிழக்கு மேற்காக ஓடும் சுவர், அதாவது அறையின் வடக்குச் சுவரோ தெற்குச் சுவரோ, நல்ல இடம். கிழக்குச் சுவரிலும் மேற்குச் சுவரிலும் மாட்டினால் கோலின் நுனி கிட்டத்தட்ட அந்தோர்னைச் சுட்டிக்கொண்டு நிற்கும். செங்கல் வீட்டில் அப்போதும் சிலவேளை பிடிக்கும், ஆனால் ஒக்டோபர் ஞாயிறு காலையில்தான் பிடிக்காமல் காலை வாரும்.

திசை சரியாக இருந்தும் சிக்கல் என்றால் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ரீவியிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளியிருக்கட்டும். பிரிட்ஜ், மைக்ரோவேவ், ரவுற்றர், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிச் எல்லாமே தொந்தரவு. கண்ணுக்குத் தெரியாத எதிரி ஒன்று உண்டு: புதிய சுவர்களுக்குள் வைக்கும் வெள்ளித்தாள் ஒட்டிய வெப்பக்காப்புப் பலகை. அது கட்டடத்தையே ஒரு உலோகப் பெட்டி ஆக்கிவிடும். குசினி விரிவாக்கம் செய்த வீடுகளில் பழைய ஹோலில் பிடிக்கிற மணிக்கூடு புதுக் குசினியில் பிடிக்காமல் போவதற்கு இதுதான் காரணம். உலோகச் சட்டம் போட்ட அலங்கார மணிக்கூடுகளும் தங்கள் காதைத் தாங்களே பொத்திக்கொள்கின்றன. பிளாஸ்ரிக் சட்டமே நல்லது, பார்வைக்கு அவ்வளவு எடுப்பாக இல்லாவிட்டாலும்.

பராமரிப்புக்காக அந்தோர்ன் ஆண்டில் சில நாட்கள் பகலில் சில மணித்தியாலம் நிற்கும். முன்கூட்டியே அறிவிப்பார்கள். அந்த நேரத்தில் ஒன்றும் கெட்டுப்போகாது. சிக்னல் இல்லாதபோது இது ஒரு சாதாரண குவாட்ஸ் மணிக்கூடு, நாளுக்கு அரைச் செக்கன், ஒரு செக்கன் பிசகும், அடுத்த இரவு திருத்திக்கொள்ளும்.

ஒக்டோபர் இரவில் நடப்பது

மார்ச் மாற்றம் இலகுவானது. அதிகாலை ஒரு மணி இரண்டாகிறது, முள் ஒரு சுற்று முன்னே ஓடினால் சரி. ஒக்டோபரில் இரண்டு மணி மறுபடி ஒன்றாகவேண்டும். இந்த மலிவு இயந்திரங்களின் மோட்டார் முன்னோக்கி மட்டுமே காலடி வைக்கும், பின்னோக்கி நடக்கத் தெரியாது. ஆகவே ஒரு மணித்தியாலம் பின்னே போவதற்கு அது பதினொரு மணித்தியாலம் முன்னே ஓடுகிறது. இருட்டில் யாரும் பார்க்காத நேரத்தில் நிமிட முள் பதினொரு தடவை முகத்தைச் சுற்றி வரும். வேறு சில இயந்திரங்கள் ஓடாமல் ஒரு மணித்தியாலம் சும்மா நிற்கும். இரண்டும் சரிதான். ஞாயிறு அதிகாலை கண்விழித்து முட்கள் பேய் பிடித்தமாதிரிச் சுற்றுவதைக் கண்டால் பற்றரியைக் கழற்றவேண்டாம்.

பற்றரியின் உண்மையான பலம் தெரிவதும் அந்த ஓட்டத்தில்தான். ஆறு மாதமாகச் செக்கனுக்கு ஒரு அடி வைத்துக்கொண்டிருந்த மோட்டார் திடீரென்று ஓடும்போது மின்னோட்டம் கூடத் தேவைப்படும். பற்றரி களைத்திருந்தால் சில அடிகள் தவறும். சிப் தன் கணக்கில் 'ஓடி முடித்துவிட்டேன்' என்று நினைக்கும், முள்ளோ வேறு இடத்தில் நிற்கும். காலையில் பார்த்தால் செக்கன் முள் மிகச் சரி, நிமிட முள் ஏழு நிமிடம் பிழை. இப்படி ஒரு பிழையைக் கண்டால் சிக்னலைக் குறைசொல்ல வேண்டாம். பற்றரியைக் கழற்றி இரண்டு நிமிடம் விட்டுப் புதியதைப் போட்டு, முட்கள் 12இல் நிற்கும்போது நேரே எதிரில் நின்று பாருங்கள். மூன்றும் 12இல் ஒன்றன்மேல் ஒன்று நின்றால் பிரச்சினை தீர்ந்தது. நிமிட முள் 12:01இலோ 12:05இலோ நின்றால் அந்தப் பிழை எந்த நேரம் காட்டினாலும் கூடவே வரும். கூடவிலை இயந்திரங்களில் பற்சக்கரத்தில் ஒரு துளையும் அதனூடாக ஒளி பாய்ச்சிப் பார்க்கும் சிறு கண்ணும் இருக்கும், முள் உண்மையில் எங்கே நிற்கிறது என்று அது தானே சரிபார்த்துக்கொள்ளும். ஐந்து பத்துப் பவுண் கூடக் கொடுக்க ஒரு காரணம் வேண்டுமென்றால் இதுதான். மரச் சட்டத்துக்கு அல்ல.

ஒவ்வொரு ஆண்டும் செப்ரெம்பரில் பற்றரி மாற்றிவிடுங்கள். மார்ச்சில் மாற்றுவதைவிட இது புத்தி.

ஞாயிறு காலை ஏழு மணிக்கும் பழைய நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தால் அந்த இரவு சிக்னல் பிடிபடவில்லை என்று அர்த்தம். 'ரெக்' பொத்தானை அமத்திவிட்டுத் தேநீர் குடியுங்கள். அதிலும் வராவிட்டால் அடுத்த இரவு வரும். ஒரு நாள் பிந்தி மாறுவது இந்த வகை மணிக்கூட்டில் வழமை, அதற்காக மட்டும் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை.

பெட்டியில் எந்த எழுத்து

மலிவு என்று ஐரோப்பியக் கடைகளிலிருந்து இணையத்தில் தருவிப்பவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று. பெட்டியில் 'டி.சி.எஃப்' என்று இருந்தால் அது பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்தில் மைன்பிளிங்கனிலிருந்து 77.5 கிலோஹேர்ட்ஸில் வரும் ஜேர்மன் அலைக்கானது. சூரிச்சுக்கும் பாரிசுக்கும் டோர்ட்முண்டுக்கும் அருமையான அலை, சுமார் 2000 கிலோமீற்றர் எட்டும். லண்டனிலும் நன்றாகவே பிடிக்கும், அதுதான் தொல்லை. ஒரு செக்கனும் பிசகாமல், மிகத் துல்லியமாக, ஒரு மணித்தியாலம் முந்திக் காட்டும். இலக்கத் திரை உள்ளவற்றில் நேர வலயத்தை மாற்ற ஒரு வழி இருக்கும். முள் வைத்தவற்றில் அநேகமாக இருக்காது. பிரித்தானியாவுக்கு 'எம்.எஸ்.எஃப்' என்ற எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

வட அமெரிக்காவில் இதே சாமான் 'அற்றோமிக் கிளொக்' என்ற பெரிய பெயரில் வரும். உள்ளே அணுவும் இல்லை, ஒன்றும் இல்லை. அணுக் கடிகாரம் கொலராடோவில் போர்ட் கொலின்ஸில் இருக்கிறது, அங்கிருந்து வரும் டபிள்யூ.டபிள்யூ.வி.பி அலையை இது கேட்கிறது. ரொறன்ரோவுக்கு அது 2000 கிலோமீற்றருக்கு மேல், அதனால் பெரும்பாலும் இரவில் மட்டுமே பிடிக்கும். திசை மேற்கு. ஆகவே லண்டனுக்குச் சொன்னதைத் திருப்பிப் போட்டு, கிழக்குச் சுவரிலோ மேற்குச் சுவரிலோ மாட்டவேண்டும். இந்த அலை உள்ளூர் நேரத்தைச் சொல்லாது. உலகப் பொது நேரத்தையும், கோடைநேரம் நடக்கிறதா என்பதையும் சொல்லும். மிச்சத்தைப் பின்னால் உள்ள இரண்டு சுவிச்சுகள் பார்க்கும்: ஒன்று வலயம், மற்றது கோடைநேரம் வேண்டுமா என்பது. நேரமே மாற்றாத சஸ்கச்சுவானிலோ அரிசோனாவிலோ இருப்பவர்கள் இரண்டாவதை அணைத்துவிடலாம். அந்தச் சுவிச் இல்லாத மணிக்கூட்டை எங்கே இருந்தாலும் வாங்கவேண்டாம்.

சட்டத்தை வயிற்றில் வைத்திருக்கும் மணிக்கூடுகள்

அலையே கேட்காமல் 'ஓட்டோ டி.எஸ்.ரி', அதாவது கோடைநேரத்துக்குத் தானாக மாறுவது, என்று விற்கும் இன்னொரு வகை உண்டு. தொழிற்சாலையிலேயே திகதியும் நேரமும் வைத்து, நாணய அளவுப் பற்றரி ஒன்றில் உயிரோடு அனுப்புவார்கள். எந்த ஞாயிறு மாறவேண்டும் என்ற விதி சிப்புக்குள் எரித்து வைத்திருக்கும். சுவரில் செருகிய உடனே சரியான நேரம் காட்டும்போது வாங்கியவர் மகிழ்ந்துபோவார்.

அமெரிக்கா 2005இல் சட்டத்தைத் திருத்தி, 2007 முதல் மாற்றத்தை ஏப்ரல் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறுக்கும், ஒக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறுக்கும் நகர்த்தியது. கனடாவின் பெரும் மாகாணங்களும் கூடவே நகர்ந்தன. பழைய விதியை வயிற்றில் வைத்திருந்த மணிக்கூடுகளுக்கு என்ன நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். மார்ச்சில் அது மாறவில்லை, கையால் ஒரு மணித்தியாலம் கூட்டவேண்டும். ஏப்ரலில் அது தானாக இன்னொன்று கூட்டியது, கையால் குறைக்கவேண்டும். ஒக்டோபர் கடைசியில் தானாகக் குறைத்தது, கையால் கூட்டவேண்டும். நவம்பரில் சட்டம் குறைத்தது, கையால் குறைக்கவேண்டும். ஆண்டுக்கு இரண்டு தடவை கை வைப்பதைத் தவிர்க்க வாங்கிய சாமானில் நான்கு தடவை கை வைக்கவேண்டி வந்தது.

வைஃபை மணிக்கூடு இந்தச் சிக்கலுக்கு அப்பாற்பட்டது என்று கடைகளில் சொல்வார்கள். முழு உண்மை அல்ல. இணையத்திலிருந்து வரும் நேரச் செய்தி உலகப் பொது நேரத்தை மட்டுமே தரும், கோடைநேரத்தைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. விதியை மணிக்கூட்டின் மென்பொருள்தான் வைத்திருக்கவேண்டும். தயாரித்தவர் புதுப்பிப்பு அனுப்பும்வரை சரி, அவர் கடையை மூடினால் அதுவும் வயிற்றில் சட்டம் வைத்த மணிக்கூடுதான். கைபேசிக்கும் இதே விதி. 2015இல் துருக்கி தேர்தலுக்காகக் குளிர்கால நேரத்துக்கு மாறுவதை ஒக்டோபர் 25இலிருந்து நவம்பர் 8க்குத் தள்ளியது. பல கைபேசிகள் பழைய விதிப்படி 25ஆம் திகதியே தாமாக மாறிவிட, 'இப்போது மணி என்ன?' என்ற கேள்வி நாடு முழுவதற்கும் பகிடியாகிப் போனது. ஆனாலும் நிலக்கீழ் அறை, இரும்புக் கட்டடம் என்று அலை எட்டாத இடங்களுக்கு வைஃபைதான் வழி. வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வி, நேர விதியைக் கையால் மாற்ற ஒரு அமைப்பு இருக்கிறதா என்பது.

மாற்றமே இல்லாமல் போனால்?

இந்தக் கேள்வி வாங்குபவருக்கு வெறும் அரசியல் அல்ல. 2018இல் ஐரோப்பிய ஆணைக்குழு கேட்ட கருத்துக்கு 46 இலட்சம் பேர் பதில் எழுதினார்கள், 84 வீதம் பேர் மாற்றத்தை நிறுத்தச் சொன்னார்கள். 2019 மார்ச் 26இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் 2021ஓடு நிறுத்த வாக்களித்தது. எந்த நேரத்தில் நிற்பது என்பதை நாட்டுக்கு நாடு முடிவெடுக்க விட்டதில் அமைச்சர்கள் மட்டத்தில் இணக்கம் வராமல் கிடப்பில் போனது. அமெரிக்க செனற் 2022 மார்ச்சில் நிரந்தரக் கோடைநேரத்துக்கு ஒருமித்து ஒப்புதல் கொடுத்தது, மற்ற அவையில் அது நகரவில்லை.

எம்.எஸ்.எஃப் மணிக்கூட்டுக்கு இது எதுவும் பொருட்டில்லை. பிரித்தானியா நாளைக்கே மாற்றத்தை நிறுத்தினாலும் அந்தோர்ன் புது நேரத்தை அனுப்பும், சுவர் கேட்கும். ஆபத்து பாரிசில் இருப்பவர்களுக்கு. அங்கே கடைகளில் இருப்பது பெரும்பாலும் ஜேர்மன் அலை மணிக்கூடு. இரண்டு நாடும் ஒரே நேரத்தில் இருக்கும்வரை அது சரி. ஜேர்மனி ஒரு நேரத்திலும் பிரான்ஸ் வேறு நேரத்திலும் நிலைத்தால் பாரிஸ் சுவரில் ஜேர்மன் நேரம் ஓடும். அங்கே வலயம் மாற்றக்கூடிய மணிக்கூட்டை எடுப்பது முன்யோசனை.

மாற்றத்தைத் தொடரத்தான் வேண்டுமா? நிறுத்தலாம் என்பதே எமது கணிப்பு, ஆனால் கோடைநேரத்தில் அல்ல, குளிர்கால நேரத்தில். மின்சாரம் மிச்சம் என்ற பழைய நியாயம் மெலிந்துவிட்டது. 2007 நீட்டிப்பை ஆராய்ந்த அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் நீட்டிய நாட்களில் நாளுக்கு 0.5 வீதம் மிச்சம் என்றது, முழு ஆண்டுக்கும் பிரித்தால் 0.03 வீதம். இந்தியானா மாநிலம் 2006இல் மாநிலம் முழுக்கக் கோடைநேரத்துக்கு மாறியபோது வீட்டு மின்பாவனை ஒரு வீதமளவில் கூடியதாக அங்கே செய்த ஆய்வு சொன்னது. விளக்கில் மிச்சப்பட்டதைக் குளிரூட்டியும் ஹீற்றிங்கும் விழுங்கிவிட்டன.

நிரந்தரக் கோடைநேரத்தைக் கேட்பவர்கள் டிசம்பரை மறக்கிறார்கள். டிசம்பர் 21இல் லண்டனில் சூரியன் 8:04க்கு எழும்பும், கிளாஸ்கோவில் 8:45 அளவில். கோடைநேரம் நிரந்தரமானால் அது 9:04, 9:45. பிள்ளைகள் முதற் பாடத்தில் இருக்கும்போதும் வெளியே இருட்டு. இது கற்பனை அல்ல, பிரித்தானியா 1968 முதல் 1971 வரை செய்து பார்த்தது. 1970 டிசம்பரில் நாடாளுமன்றம் 366க்கு 81 என்று கைவிட்டது. அமெரிக்கா 1974 ஜனவரியில் தொடங்கி, இருட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைப் பார்த்துப் பெற்றோர் கொதித்ததில் அந்த ஒக்டோபரிலேயே பின்வாங்கியது. அமெரிக்க நித்திரை மருத்துவ அக்கடமியும் 2020இல் ஆண்டு முழுவதும் இயல்பு நேரம், அதாவது குளிர்கால நேரம், என்றே நிலைப்பாடு எடுத்தது.

குளிர்கால நேரத்துக்கும் விலை உண்டு, மறைக்கவேண்டியதில்லை. ஜூனில் லண்டன் விடியல் 4:43க்குப் பதில் 3:43 ஆகும், மாலை 9:21 வரை இருந்த சூரியன் 8:21க்குப் போய்விடும். வேலை முடிந்து கிரிக்கெற் விளையாடுகிறவர்கள் திட்டுவார்கள். விடியலுக்குத் தடித்த யன்னற்சீலை போடலாம், டிசம்பர் இருட்டுக்கு அப்படி ஒரு பரிகாரம் இல்லை.

மாற்றம் இருக்கும்வரை இன்னொரு தொல்லையும் இருக்கும், அதை எந்த மணிக்கூடும் தீர்க்காது. வட அமெரிக்கா மார்ச்சில் இரண்டு மூன்று கிழமை முந்தியும் இலையுதிர் காலத்தில் ஒரு கிழமை பிந்தியும் மாறுகிறது. அந்தக் கிழமைகளில் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் இடைவெளி ஐந்து அல்ல, நான்கு மணித்தியாலம். யாழ்ப்பாணத்துக்கு லண்டனிலிருந்து குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் நாலரை. மூன்று நாட்டிலிருந்தும் குடும்பமாக வீடியோவில் கூடுகிறவர்கள் யாழ்ப்பாண நேரத்தை வைத்து நாள் குறித்தால் குழப்பம் இராது. மாறாத நேரம் அது ஒன்றுதான்.

வீட்டின் மற்ற மணிக்கூடுகள்

சுவர் மணிக்கூடு ஒன்றை வாங்கினால் கை வைக்கும் வேலை முழுவதும் தீராது. குசினி ஓவனும் காரும் எப்படியும் கையால்தான். ஹீற்றிங் ரைமர் பலவற்றில் விதி சிப்புக்குள் இருக்கிறது, தானியங்கி மாற்றத்தை அணைக்கும் தெரிவு எங்கே என்று கையேட்டில் இப்போதே பார்த்து வைப்பது நல்லது. மணி அடிக்கும் பழைய ஊசல் மணிக்கூட்டின் முள்ளைப் பின்னோக்கித் திருப்பக்கூடாது, அடிக்கும் பொறி சிக்கிக்கொள்ளும். ஒக்டோபரில் ஊசலை ஒரு மணித்தியாலம் நிறுத்திவிட்டு மறுபடி ஆட்டிவிடுங்கள். மார்ச்சில் முன்னே திருப்பும்போது ஒவ்வொரு அடிப்பும் முடியும்வரை பொறுக்கவேண்டும்.

சாதகம் எழுதுவிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கோடைநேரத்தில் பிறந்த பிள்ளைக்கு மருத்துவமனை நேரத்திலிருந்து ஒரு மணித்தியாலம் கழிக்கவேண்டும் என்பது பலருக்குத் தெரியும். 1968 பெப்ரவரி 18 முதல் 1971 ஒக்டோபர் 31 வரை பிரித்தானியாவில் பிறந்தவர்களுக்குக் குளிர்காலத்திலும் கழிக்கவேண்டும் என்பதைச் சோதிடர்களே தவறவிடுகிறார்கள். லக்கினம் மாறிப்போக ஒரு மணித்தியாலம் போதும்.

கடைசியாக, ஊருக்குக் கொண்டுபோவது. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ அந்தோர்னும் எட்டாது, மைன்பிளிங்கனும் எட்டாது. பற்றரி போட்டதும் முட்கள் 12இல் போய் நின்று கேட்கும், ஒன்றும் வராது. கையால் நேரம் வைத்தாலும் ஒவ்வொரு இரவும் எழும்பித் தேடித் தேடிப் பற்றரியைத் தின்னும். அங்கே அதற்கு வேலையும் இல்லை. இலங்கை மின்தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி 1996இல் மே மாதம் ஒரு தடவையும் ஒக்டோபரில் ஒரு தடவையும் நேரத்தை மாற்றியது, புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் அதை ஏற்காததால் பத்து ஆண்டு ஒரே தீவில் இரண்டு நேரம் ஓடியது. 2006 ஏப்ரல் 15இல் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய பழைய நேரத்துக்குத் திரும்பிய பிறகு அங்கே யாரும் நேரம் மாற்றவென்று கதிரையில் ஏறியதில்லை. ஊருக்குச் சாதாரண குவாட்ஸ் மணிக்கூட்டையே வாங்கிப் போங்கள், பற்றரியும் அங்கேயே கிடைக்கும்.